ஆறப்போட்ட சுருட்டு

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மனிதர், பதில் சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். பிடிக்காமல் இல்லை. "பாத்த சூட்டுல சொல்லக் கூடாது, ஆறட்டும்" என்று தன் அக்காவிடம் சொன்னாராம். அந்த எட்டு மாதத்தில் இராயப்பன்பட்டியில் என் அம்மா எனக்கு வேறு மூன்று இடம் பார்த்தாள். மூன்றும் தட்டிப் போயின. ஒன்பதாவது மாதம் ஞானசிகாமணி ஒரு பந்து மல்லிகைப்பூவோடு வாசலில் வந்து நின்றார். நான் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த மனிதரோடுதான் குடித்தனம்.

கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் கடை. விடியும் முன்பே ஏலத் தோட்டத்துக்கு மலையேறுகிற ஆட்கள் வந்துவிடுவார்கள். டீ, பன், வெற்றிலை, சோப்பு, தலைவலி மாத்திரை எல்லாம் உண்டு. ஆனால் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சுருட்டு. "சிகாமணி கடைச் சுருட்டு" என்றால் மலைக்கு மேலே குமுளி வரைக்கும் தெரியும். தொண்டையில் இறங்குவதே தெரியாது என்று டிரைவர்மார் சொல்வார்கள். அதற்கு ஒரே காரணம், என் வீட்டுக்காரர் புதுச் சுருட்டை விற்க மாட்டார் என்பதுதான்.

உத்தமபாளையத்தில் நத்தர்ஷா பாய் கட்டி அனுப்புகிற சுருட்டு வந்த அன்றைக்கே பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். கூடவே, தண்ணீரில் நனைத்துத் துடைத்த ஓட்டுச் சில்லு ஒன்று. அது இருந்தால்தான் இலை காய்ந்து நொறுங்காதாம். பத்தாம் நாள் ஒன்று, இருபதாம் நாள் ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று என்று எடுத்துத் தானே பற்றவைத்துப் பார்ப்பார். நாற்பதாம் நாள் புகையை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கண்ணைத் திறந்து "ஆயிருச்சு" என்பார். அப்புறம்தான் விற்பனை.

"கட்டுனவுடனே குடிச்சா மாட்டுத் தொழுவு வாடை அடிக்கும் செலினு. உள்ள இருக்க இலையில ஒரு ஈரம், மேல சுத்துன இலையில ஒரு ஈரம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். பழகாம பத்தவச்சா ஒரு பக்கமா எரியும், நாக்கக் கடிக்கும்" என்று எனக்கு விளக்குவார். நான் என்னவோ சுருட்டுக் குடிக்கப்போகிற மாதிரி.

நத்தர்ஷா பாய்க்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். "ஏ மாப்ள, தோசைய சுட்டு நாப்பது நாளு வச்சா திம்பே? கட்டுன அன்னைக்கே குடிக்கணும்யா. இலையில எண்ணெ அப்பத்தான் இருக்கும். நீ வச்சு வச்சு வைக்கோலாக்குறே" என்பார். இருபது வருஷமாக இதே சண்டை. ஒரு தடவை பந்தயமே நடந்தது. மூன்று ஜீப் டிரைவர்களுக்குத் துண்டால் கண்ணைக் கட்டி, புதுசு ஒன்று, இருபது நாள் ஒன்று, நாற்பது நாள் ஒன்று கொடுத்தார்கள். இரண்டு பேர் நாற்பது நாளைத்தான் கை காட்டினார்கள். மூன்றாவது ஆள் புதுசுதான் ஒசத்தி என்றார். பாய் அந்த ஒரு ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு இன்னைக்கு ஜலதோஷம்" என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் மனிதர் நேர்மையானவர். நாற்பதைத் தாண்டி நூறு நாள் வைத்தும் பார்த்துவிட்டு, "நாப்பதுக்கு மேல ஒண்ணும் கூடல, சும்மா டின்னுதான் அடையுது" என்று அவரே ஒத்துக்கொண்டார். இந்தப் பேச்சை நான் மறந்திருக்கக் கூடாது.

டின் மூடியில் சாக்பீஸால் தேதி எழுதுவது என் வேலை. நான் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவருக்கு ர எது, ற எது என்று கடைசி வரை பிடிபடவில்லை. "ஆரிய சுருட்டு" என்று அட்டையில் எழுதி வெளியே தொங்கவிட்டிருந்தார். ஒரு வாத்தியார் நின்று படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். எனக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கு அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இனிமே எழுதுறது எல்லாம் நான்தான்" என்று சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் சொல்லுவார், நான் எழுதுவேன்.

சுருட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவருக்கு எல்லாமே ஆறட்டும்தான். ஓடு ஒழுகினால், மழை நிற்கட்டும், ஆறட்டும். தன் அண்ணன் வீட்டோடு மனஸ்தாபம் வந்தபோது ஒரு வருஷம் வாயே திறக்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அண்ணனே கேக்கோடு வந்து நின்றார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அவர் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, வெளியே போய் உட்கார்ந்து, நான் ஆறும் வரை உள்ளே வரவில்லை. இன்னொருத்தராக இருந்திருந்தால் அன்றைக்கே என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார். அதனால் அந்த வார்த்தையை நான் கேலி செய்தாலும், அதன் நிழலில்தான் இத்தனை வருஷம் வாழ்ந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருஷம் ஜனவரி இருபத்திரண்டாம் தேதி. டிசம்பர் பதின்மூன்றாம் தேதி டின்னுக்கு அன்று நாற்பதாம் நாள். பற்றவைத்தார், புகையை வாயில் வைத்தார், முகம் சுளித்தார்.

"ஆகல. எரியுது. எழுதிக்க."

நான் எழுதினேன். ஜனவரி 22, ஆகல, எரியுது.

பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தார். எரியுது. அடுத்த டின்னுக்கு நாற்பது நாள் வந்தது. அதுவும் எரியுது. பாய் இலையை மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினார். உத்தமபாளையம் போய்ச் சண்டை போட்டார். பாய் மார்க்கத்தின் மேல் சத்தியம் செய்து, அதே இலை, அதே ஆள் என்றார். இருந்தாலும் இருபது வருஷப் பழக்கத்துக்காக வேறு இடத்தில் மெலிசு இலை வாங்கிக் கட்டி அனுப்பினார். அந்த டின்னும் எரியுது. நாற்பது அறுபதானது, அறுபது தொண்ணூறானது. ஒவ்வொரு டின்னையும் வாரம் ஒரு தடவை சோதித்தார். முன்பெல்லாம் சாயங்காலம் ஒரு சுருட்டோடு நிறுத்துகிறவர், ஆகிவிட்டதா ஆகிவிட்டதா என்று பார்த்துப் பார்த்தே நாளைக்கு மூன்று, நான்கு குடித்தார். அலமாரியில் டின்கள் ஏறிக்கொண்டே போயின. கேட்டு வந்தவர்களை எல்லாம் "இன்னும் ஆகல" என்று திருப்பி அனுப்பினார். நானும் மூடி மூடியாக "எரியுது, எரியுது" என்று அழகாக எழுதிக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் வேறு கூத்து நடந்தது. "குழம்புல என்ன இம்புட்டு காரம்?" என்று ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்தார். இருபத்தைந்து வருஷமாகப் போடுகிற அதே மிளகாய். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. என் கை ருசி இப்போது கசந்துவிட்டதா என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாளிலிருந்து வீம்புக்கு மிளகாயே இல்லாமல் வைத்தேன். அவர் அதையும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அதற்கும் எனக்குக் கோபம். கட்டின பெண்டாட்டி, ஒரு பக்கமாக மெல்லுகிறாரே என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, பல் வலியாக இருக்கும், வாய் விட்டுச் சொன்னால் என்ன என்று மனதுக்குள் திட்டினேன். கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் மாதம் முத்துக்கருப்பன் வந்தார். பந்தயத்தில் கண்ணைக் கட்டிக்கொண்ட டிரைவர்களில் ஒருவர். சொந்தமாக ஒரு ஜீப் வாங்கியிருந்தார். முதல் ட்ரிப்புக்கு முன்னால் அடிவாரத்தில் கருப்பசாமிக்குப் படையல்.

"மதினி, சாமிக்குச் சுருட்டு வேணும். நம்ம கடைச் சுருட்டுத்தான் வைக்கிறதுன்னு நேந்துருக்கேன்."

என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்க மார்க்கெட் போயிருந்தார். அலமாரியில் பதினோரு டின் உட்கார்ந்திருக்கிறது, வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்புவதா? ஏப்ரல் தேதி போட்ட டின்னைத் திறந்து இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்துவிட்டேன். "அவுக இன்னும் ஆகலங்குறாக. நாக்கக் கடிச்சா என்னைத் திட்டக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தேன். கொடுத்த பிறகு பயமாகவும் இருந்தது. கடைப் பேரைக் கெடுத்துவிட்டாய் என்பார்.

மறுநாள் முத்துக்கருப்பன் சிரித்துக்கொண்டே வந்தார். "படையல் முடிச்சு சாமி மிச்சத்த நாங்க நாலு பேரும் குடிச்சோம் மதினி. வெண்ணெ. இப்பிடிச் சுருட்டு என் ஆயுசுக்கும் குடிச்சதில்ல. இதையா அண்ணன் ஆகலன்னு வச்சிருக்காக?"

"எரியலையா?"

"எங்க எரியுது? தொண்டையில இறங்குனதே தெரியல."

"நாலு பேருக்குமா?"

"நாலு பேருக்குந்தான்."

அவர் போன பிறகு, பால் பொங்கி அடுப்பை அணைத்தது கூடத் தெரியாமல் நின்றேன். நாற்பதுக்கு மேல் ஒன்றும் கூடாது என்று சொன்னவர் அவர்தானே. பழைய இலை எரிகிறது, புது இலை எரிகிறது, மெலிசு இலையும் எரிகிறது. என் குழம்பும் எரிந்தது. எரிந்தது சுருட்டும் இல்லை, குழம்பும் இல்லை.

அன்றைக்கும் மார்க்கெட் போய் மூட்டையோடு வந்தவரைக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"வாயத் திறங்க."

"என்ன புள்ள, கடையில ஆள் நிக்கையில..."

"திறங்கன்னா திறங்க."

போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். இடது பக்கம், நாக்கின் ஓரத்தில், கீழே. வெள்ளையும் சிவப்புமாக, ஓரம் தடித்து, ஒரு புண். அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். அது அங்கே இருப்பது அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்த இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பல்லு கூரா இருக்கு, அதுதான் உரசுது. வெறும் புண்ணுதானே செலினு. ஆறிரும்" என்றார்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் நான் முழுசாகக் கேட்டேன். சுருட்டும் ஆறும், கோபமும் ஆறும், புண்ணும் ஆறும். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் தன் நாக்கையும் டின்னில் போட்டு மூடிவிட்டார். தேதி எழுதிக் கொடுத்தது நான்.

மறுநாள் தேனி பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு. கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தார், கழுத்தையும் தடவிப் பார்த்தார். "எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு பதினஞ்சு நாளா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஜனவரி இருபத்திரண்டு" என்றேன் நான்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "எப்படிம்மா இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"என் கையால எழுதியிருக்கேன்" என்றேன்.

சதை எடுத்துச் சோதித்தார்கள். பத்தாம் நாள் முடிவு வந்தது. புற்று. கழுத்து வரைக்கும் இறங்கப் பார்க்கிறது, நாக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், மதுரைக்கு எழுதித் தருகிறேன், இரண்டு வாரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. "ஆரம்பத்துல வந்திருந்தா சின்ன வேலைம்மா" என்றும் சொன்னார். திட்டுகிற குரலில் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "கிறிஸ்துமஸ் முடியட்டும் செலினு. பண்டிகை வர்ற நேரத்துல கத்தி வேணாம். கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

நான் தட்டை எறியவில்லை. கடைக்குப் போய்ப் பதினோரு டின்னையும் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தேன். அவர் முன்னால் வரிசையாக வைத்து உட்கார்ந்தேன். முதல் மூடியை எடுத்து வாசித்தேன். "ஜனவரி இருபத்திரண்டு, ஆகல, எரியுது. பிப்ரவரி ஒண்ணு, எரியுது. பிப்ரவரி பதினாலு, ரொம்ப எரியுது." கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். மார்ச். ஏப்ரல். பாய் மாற்றிக் கொடுத்த இலை. மே மாதம் அவர் சொல்லி நான் எழுதியது, "இடது பக்கம் வச்சா எரியுது, வலது பக்கம் தேவல." இதை எழுதியபோது கூட எனக்குப் புத்தி வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் வாசித்தேன். ஏழாவது மூடியில் அவர் என் கையைப் பிடித்தார்.

"போதும். போவோம்" என்றார்.

புறப்படும் முன் உத்தமபாளையம் போய் நத்தர்ஷா பாயைப் பார்த்தேன். அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "எட்டு மாசமா என் கை கெட்டுப் போச்சுன்னு நான் தூங்கல ஆத்தா. என் கையே கெட்டுப் போயிருக்கக் கூடாதா" என்று அழுதார். அதன் பிறகும் அவர் சுருட்டுக் கட்டுகிறார். அது அவர் பிழைப்பு, அவரைச் சொல்லி என்ன. ஆனால் எங்கள் கடைக்கு அனுப்புவதில்லை.

மதுரையில் நாக்கில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தார்கள், கழுத்திலும் கிழித்தார்கள். பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு, எங்கள் பக்கம் சொல்வதுபோல் கரண்ட், வைத்தார்கள். எழுபது கிலோ இருந்த மனிதர் ஐம்பதுக்கு வந்தார். பேச்சு வந்தது, ஆனால் எனக்கு மட்டும் புரிகிற பேச்சு. கடையில் யாராவது இரண்டாவது தடவை "என்னண்ணே?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பதினோரு டின் சுருட்டையும் நான் பீப்பாயில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைப் பூச்சி விழுந்த கொய்யா மரத்துக்குத் தெளித்தேன். மறுநாள் காலையில் மரத்தடியில் பூச்சியெல்லாம் செத்துக் கிடந்தன. இருபது வருஷமாக நாங்கள் இதைத்தான் பதம் பார்த்து விற்றோமா என்று நெடுநேரம் அங்கேயே நின்றேன். முத்துக்கருப்பனைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் கூச்சத்தில் நெளிந்தார். கருப்பசாமிக்கு இனிமேல் வேறு கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

மதுரை டாக்டர் அனுப்பும்போது சொன்னார். "கரண்ட் வச்ச புண்ணு ஆறு வாரத்துல ஆறிடும். ஆனா புதுசா எங்கயாவது எரிஞ்சா, ஒரு நாள் கூட வீட்டுல வச்சிருக்கக் கூடாது. இது திரும்பியும் வரும்." இவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற தலை.

ஒரே ஒரு டின் மூடியை மட்டும் நான் வைத்திருந்தேன். அதையும் சாக்பீஸையும் அவர் கையில் கொடுத்தேன். "இனிமே நான் எழுத மாட்டேன். உங்க வாயி, நீங்களே எழுதுங்க" என்றேன். தினம் காலையில் எழுதி என்னிடம் காட்ட வேண்டும். முதல் நாள் "வலி" என்று எழுதினார். நான்காம் நாள் "கஞ்சி எரங்குச்சு." பன்னிரண்டாம் நாள் "தேவல." இருபதாம் நாள் "ஆருது" என்று எழுதிக் காட்டிவிட்டு, குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் குழம்பில் ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டேன். சாப்பிட்டார். எனக்கு அன்றைக்கு நிம்மதி வந்தது. இனி ஒன்றும் இல்லை என்றுகூட நினைத்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் நாள் காலையில் கடையில் நல்ல கூட்டம். மூன்று ஜீப் புறப்பட நிற்கிறது, நான் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருந்து டங் டங் என்று மூடியைத் தட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். சட்டை போட்டு, தலை வாரி, ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். மூடியை எனக்கு நேராகப் பிடித்தார்.

"ஆரல. எரியுது. இன்னைக்கே போவோம்."

அதே சின்ன ர. நான் திருத்தவில்லை. ஓடு ஒழுகியபோதும் சொல்லாத வார்த்தை, என்னைப் பெண் பார்த்தபோதும் சொல்லாத வார்த்தை, "இன்னைக்கே." அதை இந்த மனிதரிடமிருந்து கேட்க நான் இருபத்தாறு வருஷம் காத்திருந்தேன். அது இப்படியா வர வேண்டும்? சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் அழுதேன்.

ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்தேன். நின்றவர்களிடம் வேறு கடை பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டினேன். மதுரை பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இவர் எனக்கு முன்னால் ஓடி, கையைக் காட்டி நிறுத்தினார். ஏறி உட்கார்ந்து சின்னமனூர் தாண்டிய பிறகுதான் பார்த்தேன், சாக்பீஸை இன்னும் கையிலேயே பிடித்திருந்தார்.